முகத்தைப் பார்த்தே எழுதக்கூடிய மரபணு அறிக்கை

இலண்டனிலிருந்து மகளும் மருமகனும் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள ஒரு மரபணுப் பரிசோதனை நிலையத்தில் உயர் இரத்த அழுத்த அபாயத்தை அறிய நானும் மருமகனும் உமிழ்நீர் கொடுத்தோம். ஆளுக்கு 690 ரிங்கிட். மருமகனின் பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். அவருக்கும் உயர் இரத்த அழுத்தம், எனக்கும் அதேதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைப் பொறுமையாகத் தமிழில் விளக்கினார். சொன்ன நாளில் அறிக்கை வந்தது. தாளின் தடிமனுக்கே பாதிப் பணம் போயிருக்கும்.

மருமகனின் அறிக்கையில் ‘ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளி, ஆகவே அபாயம் அதிகம்’ என்று தீர்ப்பு. இதற்கு எச்சில் எதற்கு? முகத்தைப் பார்த்தே எழுதியிருக்கலாமே.

நான் ஓய்வு பெற்ற தாதி. ஆலோசகரைச் சும்மா விடவில்லை. 1997இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உயர் அழுத்தம் உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த மேவுட்டில் 33. மூன்று இடத்தாருக்கும் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்காதான். உடல் எடையும் உப்பும் ஏறிய இடங்களில் அழுத்தமும் ஏறியிருக்கிறது. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. கரீபியத்தின் செயின்ட் வின்சென்ட் தீவுக் குடும்பங்களில், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தின் மரபணு இருக்கும் பகுதிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு தெரிவதாக 1995இலேயே எழுதினார்கள். ஆனால் அழுத்தத்தைக் கூட்டும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அவற்றைக் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பியர்களை ஆராய்ந்து எடுத்தது என்று அறிக்கையின் கடைசிப் பக்கமே பொடி எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அது அவருக்கும் சரியாகப் பொருந்தாது, தமிழச்சி எனக்கும் பொருந்தாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றில். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவில் இரண்டு வகை மாற்றங்கள் காணப்படுகின்றன. ஆப்பிரிக்காவில் ஈக்கடியால் பரவும் தூக்க நோயின் கிருமியிலிருந்து காப்பவை அவை. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அத்தகைய மாற்றம் வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய்க்கான அபாயம் கூடும். இது 2010இலேயே வெளியான செய்தி. அழுத்தம் உள்ள மருமகனுக்குத் தெரிய வேண்டியது இதுதான். அறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம், அந்தப் பெயரே இல்லை. ஆலோசகர், “அது எங்கள் தொகுப்பில் வராது, அம்மா” என்றார்.

வம்சாவளிக் குறிப்புக்கு மருத்துவத்தில் பயன் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் அவரைப் போன்றவர்களுக்கு முதலில் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் கால்சியம் வழித்தடுப்பு மாத்திரையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். மருமகனும் அந்த வகையைச் சேர்ந்த அம்லோடிபின்தான் சாப்பிடுகிறார். அதற்கு யாரும் அவரிடம் எச்சில் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதினேன். அடுத்த பரிசோதனைக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள்.