84 மாத்திரை: அரசின் இலவச ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை எப்படி இருக்கிறது?

மருந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்து கைக்கு வந்து சேரும் வழியில்தான் ஆட்கள் உதிர்ந்துபோகிறார்கள். இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்த வழியைப் பற்றித்தான்.

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இது அதிகம் தேவைப்படுவது ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்களுக்கும், எப்போதோ ஏற்றி விட்டுவிட்டவர்களுக்கும். தமிழ்நாட்டில் இப்போது அடிபடுவது ஹெராயின் மட்டுமல்ல, டாபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவதும்தான். சரக்கு எதுவானாலும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு ஒன்றுதான். அது ஒட்டிக்கொண்டிருப்பது ரத்தம் பட்ட சிரிஞ்சில், கரைத்த கரண்டியில், வடிகட்டிய பஞ்சில், கழுவிய தண்ணீரில். "நான் என் ஊசியைத்தான் போட்டேன், தண்ணீர் மட்டும் ஒரே கிண்ணம்" என்று சொல்பவருக்கும் தொற்று வரும்.

குமரி மாவட்டத்தில் தொடங்க வேண்டிய இடம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பொது மருத்துவப் பிரிவில் "ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட் எடுக்கணும்" என்று நேராகக் கேட்கலாம். எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடுவது நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்வது இது. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக்காரர்கள் தெரிந்த முகம் பார்த்துவிடுமே என்று திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுவது உண்டு. அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் மூன்று மாதம் மருந்து வாங்கப் போய்வரக்கூடிய இடமா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பரிசோதனை எளிது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கிட் அட்டையில் சில துளி திரவம், 15 முதல் 20 நிமிடம். கன்ட்ரோல் கோடு விழவில்லை என்றால் அந்த அட்டை செல்லாது, இன்னொன்று போட வேண்டும். டெஸ்ட் கோடு மங்கலாக விழுந்தாலும் பாசிட்டிவ்தான். "லேசாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அதில் இடமில்லை.

வழியில் பெரிய பள்ளம் இதற்கு அடுத்தது. இந்த அட்டை காட்டுவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை மட்டும்தான், வைரஸை அல்ல. தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும். எதிர்ப்புப் பொருள் மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே பாசிட்டிவ் என்றதும், ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது 'வைரல் லோடு', எடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் "உனக்கு ஹெபடைட்டிஸ் சி" என்று சொல்வதும் தவறு, மருந்து தொடங்குவதும் தவறு. எதிர்த் திசையிலும் ஏமாறலாம். தொற்றி 8 முதல் 11 வாரம் வரை அட்டை நெகட்டிவ் காட்டக்கூடும். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும். போன மாதம் சிரிஞ்சு பகிர்ந்தவர் அட்டை நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

திட்டத்தின் பலவீனம் என்று நான் நினைப்பது இந்த இடைவெளியைத்தான். ஆர்.என்.ஏ. மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரக் காத்திருக்க வேண்டும், திரும்ப ஒரு நாள் வர வேண்டும். அதிகாலை ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கும், படகேறினால் வாரக்கணக்கில் கரை காணாத தூத்தூர் வட்டாரத்து மீனவருக்கும் "அடுத்த வாரம் வாங்க" என்பது சின்ன விஷயமல்ல. அட்டை பாசிட்டிவ் ஆன அதே நாற்காலியிலேயே ஆர்.என்.ஏ.வுக்கும், கல்லீரல் பரிசோதனைக்கும், பிளேட்லெட்டுக்கும் ரத்தம் எடுத்துவிடுவீர்களா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரு நடை மிச்சமாகும். நரம்பு அடைபட்டவர்கள் முன்னாடியே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, எந்தக் கையில் எங்கே கிடைக்கும் என்று லேப் ஊழியரிடம் தயங்காமல் சொல்வது நல்லது. நாலைந்து இடத்தில் குத்தி, இரண்டு பக்கமும் கோபம் வந்து, எழுந்து போய்விடுவது நடக்கிற கதை.

கல்லீரல் எந்த அளவு கெட்டிருக்கிறது என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தே கணக்குப் போடலாம். ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவை ஆய்வகத்தின் மேல்வரம்பால் வகுத்து, பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் வைத்து அதால் மறுபடி வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 80, மேல்வரம்பு 40, பிளேட்லெட் 1.5 லட்சம் என்றால் 2-ஐ 150-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, 1.33 வருகிறது. 2-க்கு மேல் போனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனது, சந்தேகம். இந்த எண்ணை ஏப்ரி என்பார்கள். மருத்துவர் போடும் கணக்குதான், ஆனால் உங்கள் சீட்டில் அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை, மருந்து மாறுவது அதை வைத்துத்தான்.

சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்லடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் தாக்குப்பிடிப்பவருக்கு டக்லடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். நிலைமை முற்றியவர்களுக்கு ரிபாவிரின் சேரும், அல்லது காலம் நீளும். டப்பாவுக்கு 28 மாத்திரை, மூன்று டப்பா, 84 நாள். குணமாவது 95 சதவீதத்துக்கு மேல். தலைவலியும் அசதியும் சிலருக்கு வரும், அதற்கு மேல் பெரிதாக இல்லை. பழைய சிகிச்சையான இன்டர்ஃபெரான் ஊசி போட்டு மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது அதிசயம்தான்.

கெடுப்பவை மூன்று. டி.பி. மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகளை உடம்பில் நிற்கவிடாது, சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டும் அப்படியே. வெல்படாஸ்விர் எடுப்பவர் அசிடிட்டி மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது, மருந்து உடம்பில் சேருவது குறையும். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் பொருள் என்பதால் இதை யாரும் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மூன்றாவது, ஹெபடைட்டிஸ் பி. சி வைரஸ் அடங்கும்போது, பதுங்கியிருந்த பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைத் தாக்கலாம். முதல் மாத்திரைக்கு முன்பே, பி தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனை பார்த்தாக வேண்டும். நெகட்டிவ் என்றால் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடலாம், வழக்கமான கணக்கு 0, 1, 6 மாதம். சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

ஒரு வேளை தவறினால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கடலுக்குப் போகிறவர் டப்பா முடியும் தேதியை முன்கூட்டிச் சொல்லி அடுத்த டப்பாவையும் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வீசிவிட வேண்டாம், மாத்திரையைப் பிளாஸ்டிக் கவரில் மாற்ற வேண்டாம், எஞ்சின் அறைப் பக்கம் வைக்க வேண்டாம். உப்புக்காற்றும் சூடும் மாத்திரைக்கு ஆகாது.

வைத்தியர் கொடுத்த கீழாநெல்லியில் 'மஞ்சள்' இறங்கிவிட்டது என்று நின்றுபோகிறவர்களும் உண்டு. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் காமாலையே காட்டாமல் கல்லீரலைக் கரைக்கும் நோய். கண் வெளுத்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"முதலில் போதையை விடு, பிறகு மருந்து" என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே 12 வயதுக்கு மேற்பட்ட தொற்றாளர் எல்லோருக்கும் சிகிச்சை என்று சொல்லிவிட்டது, ஊசி போடுபவரும் அதில் அடக்கம்.

ஆனால் குணமானவருக்கு மறுபடியும் தொற்றும். மாத்திரையோடு புது ஊசியும் கிடைக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஊசி கழற்றி மாட்டும் 2 மி.லி. சிரிஞ்சின் மூக்கில் தங்கும் ரத்தம், ஊசி நிலையாகப் பொருந்திய இன்சுலின் சிரிஞ்சில் தங்குவதைவிடப் பல மடங்கு. அப்படிப்பட்ட சிரிஞ்சுக்குள் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வெந்நீரில் அலசினால் போகாது. மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்சு விலை குறைவுதான். முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லும் கடைகள்தான் பிரச்சினை, அவர்கள் தடுப்பது போதையை அல்ல, புது ஊசியை. ஹெராயின், டாபென்டடால் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை சிகிச்சையும் உண்டு. கடைசி ஊசியின் வேகம் அடங்கி உடம்பு முறுக்கத் தொடங்கிய பிறகே அதை ஆரம்பிக்க வேண்டும், அவசரப்பட்டால் அவஸ்தை ஒரேயடியாகத் தாக்கும். எங்கே கிடைக்கும் என்பதை தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-ல் இலவசமாகக் கேட்கலாம்.

84-வது மாத்திரையோடு கணக்கு முடியாது. அது முடிந்து 12 வாரம் கழித்து ஒரு ஆர்.என்.ஏ. எடுத்து, வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். அந்த முடிவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊசிப் பழக்கம் தொடர்ந்தால் வருடம் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். விரல் சொட்டு அட்டை அப்போதும் பாசிட்டிவ்தான் காட்டும், எந்தப் பயனும் இல்லை. சீட்டில் 'ஆன்டி எச்.சி.வி.', அதாவது எதிர்ப்புப் பொருள் பரிசோதனை, என்று எழுதியிருந்தால், பழைய முடிவைக் காட்டி 'ஆர்.என்.ஏ.' என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்.