ஸ்டாண்டர்டா, பேசிக்கா: பத்தாம் வகுப்புக் கணக்கில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து வந்த ஒற்றைத் தாள் கிடந்தது. கணிதம் என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டங்கள்: ஸ்டாண்டர்ட், பேசிக். பேசிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, அதை ரப்பரால் அழித்து, அதன் மேலேயே மறுபடியும் டிக் போட்டிருந்தது. அக்கா மகளின் வேலை. பள்ளித் தேர்வில் கணக்கில் 80-க்கு 31 வாங்கியிருந்தாள்.

“எதுக்குடா பிள்ளையைப் போட்டு வதைக்கணும், பேசிக்கே எழுதிட்டுப் போகட்டும்” என்றாள் அக்கா. “பேசிக்னு சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்றார் அத்தான். வெள்ளிக்கிழமைக்குள் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கணக்கு சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இருவரும் சொன்னதில் இரக்கமும் கௌரவமும் இருந்தன. கணக்குதான் இல்லை.

முதலில் பலருக்கும் தெரியாத விஷயம். சிபிஎஸ்இ இந்த இரட்டை முறையை 2019 ஜனவரியில் அறிவித்து, 2020 பொதுத்தேர்விலிருந்து கொண்டுவந்தது. ஸ்டாண்டர்ட் என்றால் பாட எண் 041, பேசிக் என்றால் 241. ஆனால் பாடத்திட்டம் ஒன்றுதான். பாடப்புத்தகம், வகுப்பு, ஆசிரியர், வீட்டுப்பாடம் எதுவும் மாறாது. 20 மதிப்பெண் இன்டர்னலும் அதே 20. பேசிக் எடுத்தால் பாடம் குறையும், ட்ரிக்னாமெட்ரி இருக்காது, மாலையில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்து டிக் போடும் பிள்ளைகள் ஏராளம். அப்படி எதுவும் நடக்காது. மாறுவது பொதுத்தேர்வு அன்று கைக்கு வரும் வினாத்தாள் ஒன்று மட்டுமே.

அந்தத் தாளின் அமைப்பும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்று மணி நேரம், 80 மதிப்பெண், 38 கேள்விகள். ஒரு மார்க்கில் 20, இரண்டு மார்க்கில் 5, மூன்று மார்க்கில் 6, ஐந்து மார்க்கில் 4, கடைசியாக ஒரு சூழலைச் சொல்லி அதிலிருந்து கேட்கும் நான்கு மார்க் கேஸ் ஸ்டடி 3. வித்தியாசம் கேள்வியின் குணத்தில் இருக்கிறது. படித்ததை நினைவில் வைத்துப் புரிந்து எழுதினால் போதும் என்ற வகைக் கேள்விகளுக்கு ஸ்டாண்டர்டில் 43 மதிப்பெண், பேசிக்கில் 60. படித்ததை வேறொரு சூழலில் பொருத்துவதற்கு ஸ்டாண்டர்டில் 19, பேசிக்கில் 12. தானே அலசி வழி கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளுக்கு ஸ்டாண்டர்டில் 18, பேசிக்கில் 8. சுருக்கமாக, தெரிந்த வாய்பாட்டில் எண்களைப் போட்டு விடை எடுக்கும் பிள்ளைக்கு பேசிக் தாளின் முக்கால் பங்கு கைக்குள் இருக்கும். ஸ்டாண்டர்டில் பாதிக்குச் சற்று மேலேதான்.

ஆக, முடிவு எடுக்கும் முன் பார்க்க வேண்டியது மொத்த மார்க்கை அல்ல, மார்க் எந்த இடத்தில் போனது என்பதை.

அவளுடைய விடைத்தாளை வாங்கி, இழந்த 49 மதிப்பெண்ணையும் சிவப்புப் பேனாவால் மூன்றாகப் பிரித்தேன். 19 மதிப்பெண் மைனஸ் குறியிலும் பின்னத்திலும் சறுக்கியது. 17 நேரம் போதாமல் வெறுமையாக விட்டது. கேள்வி புரியாமல், சமன்பாடே அமைக்க முடியாமல் போனது 13 மட்டும்தான். இதில் பேசிக் தாள் நேரடியாகக் காப்பாற்றப்போவது அந்த 13-இல் ஒரு பகுதியைத்தான். மைனஸை ப்ளஸாக எழுதும் கை எந்தத் தாளிலும் அப்படியேதான் எழுதும். நேரப் பற்றாக்குறைக்குக் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை.

அந்த 13-க்குள் ஒன்று எனக்கு உறுத்தியது. ஒரு ரயில் 300 கிலோமீட்டரை ஒரே வேகத்தில் போகிறது, வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போயிருக்கும், வேகம் என்ன? இருபடிச் சமன்பாட்டின் வழக்கமான ரயில். அவள் வேகத்தை எக்ஸ் என்று வைத்திருந்தாள், சரி. 300-ஐ எக்ஸால் வகுத்தது ஒரு நேரம், எக்ஸ் ப்ளஸ் 10-ஆல் வகுத்தது இன்னொரு நேரம். அதுவும் சரி. அப்புறம் கழிக்கும்போது வேகமாகப் போன நேரத்திலிருந்து மெதுவாகப் போன நேரத்தைக் கழித்துவிட்டாள். சின்னதிலிருந்து பெரியது. விளைவு, வர்க்கமூலத்துக்குள் மைனஸ் 11,900 வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. பக்கத்தின் மீதி வெள்ளை.

“இது ஏன் பாதியில நிக்குது?”

“மைனஸ் வந்துருச்சு மாமா. எனக்கு வேர்டு ப்ராப்ளமே வராது.”

“எந்த ரயில் அதிக நேரம் எடுக்கும்?”

“மெதுவாப் போறது.” சொல்லிவிட்டு ஒரு நிமிடம் தாளைப் பார்த்தாள். பென்சிலை எடுத்துக் கழித்தலைத் திருப்பிப் போட்டாள். 50 வந்தது. 50-இல் போனால் ஆறு மணி நேரம், 60-இல் போனால் ஐந்து. தானே சரிபார்த்தும்விட்டாள்.

இந்தப் பிள்ளைக்கு வேர்டு ப்ராப்ளம் வராது என்று யார் சொன்னது? ஒரு கழித்தல் தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். இதே கேள்வி பேசிக் தாளில் சமன்பாடாகவே கொடுக்கப்பட்டு வேர்களை மட்டும் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பாள், உண்மைதான். ஆனால் அவளிடம் இருக்கும் குறை ஸ்டாண்டர்டைக் கைவிட வேண்டிய அளவுக் குறை இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்பில் பின்னமும் குறியும் சரியாகப் பதியாத குறை. அதை ஆறு வாரம் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரிசெய்யலாம். சரிசெய்யாமல் விட்டால் பேசிக்கிலும் கடிக்கும்.

அடுத்தது ஃபெயில் பயம். அக்காவின் பேச்சுக்கு அடியில் ஓடியது அதுதான். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் எழுத்துத்தேர்வையும் இன்டர்னலையும் சேர்த்து 100-க்கு 33 வந்தால் தேர்ச்சி. இன்டர்னலில் 18 வாங்கியவள் எழுத்துத்தேர்வில் 80-க்கு 15 எடுத்தால் போதும். அவள் இப்போதே 31-இல் இருக்கிறாள். ஃபெயில் ஆகிவிடுவோம் என்ற பயத்துக்காக மட்டும் பேசிக் எடுப்பது, நனையாத வீட்டுக்குக் கூரை மாற்றுவது போல. உண்மையிலேயே பத்துப் பதினைந்து மார்க்கில் தத்தளிக்கும் பிள்ளை என்றால் கதை வேறு. அங்கே பேசிக் ஒரு நல்ல ஏற்பாடு, தயங்கவே வேண்டாம்.

பெர்சன்டேஜுக்காக பேசிக் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை, ஸ்டாண்டர்டில் 80 வரும், பேசிக்கில் 95 வரும், மொத்தம் தூக்கும் என்ற கணக்கு. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மார்க் ஷீட்டில் பாடத்தின் பெயரே மேத்தமேடிக்ஸ் பேசிக் என்றுதான் அச்சாகும். ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

இனி பெரிய விஷயம்: ப்ளஸ் ஒன். பேசிக் அறிமுகமானபோது அதற்குச் சொல்லப்பட்ட நோக்கமே, மேலே கணக்கு படிக்க விரும்பாதவர்களுக்கு என்பதுதான். அதனால் பேசிக்கில் தேறியவர் பதினொன்றாம் வகுப்பில் வழக்கமான கணிதம் (அதற்கும் எண் 041தான்) எடுக்க முடியாது, எடுக்க வேண்டும் என்றால் துணைத்தேர்வில் ஸ்டாண்டர்ட் எழுதித் தேற வேண்டும் என்று விதி வைத்தார்கள். கொரோனா காலத்தில் அதைத் தளர்த்தினார்கள், பிறகும் தளர்வை நீட்டித்தார்கள், பள்ளித் தலைமை அந்த மாணவரின் கணக்குத் திறனில் திருப்தியடைந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பாணியில். இங்கேதான் கவனம் வேண்டும். தளர்வு என்பது அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கை. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் என்ன விதி என்று பள்ளியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இடம் கொடுத்தாலும் உங்கள் பள்ளி கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. “அப்புறம் மாத்திக்கலாம்” என்று டியூஷன் வாசலில் சொல்வதை நம்பி டிக் போட வேண்டாம்.

பேசிக் எழுதியவருக்குச் சிக்கல் இல்லாமல் திறக்கும் கதவு ஒன்று உண்டு: ப்ளஸ் ஒன்னில் அப்ளைடு மேத்தமேடிக்ஸ். 2020-21-இல் வந்தது. அதன் எண்ணும் 241 என்பதால் பத்தாம் வகுப்பு பேசிக்கோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள்; வகுப்பு வேறு, பாடம் வேறு. பெயரைப் பார்த்து எளிதான கணக்கு என்று எடைபோட்டுவிட வேண்டாம். கால்குலஸ் உண்டு, நிகழ்தகவு உண்டு, லீனியர் ப்ரோகிராமிங் உண்டு. கூடவே கடனுக்கான மாதத் தவணை, தேய்மானம், காலத்தொடர், டி-டெஸ்ட் என்று வணிகத்துக்கும் புள்ளியியலுக்கும் வேண்டியது எல்லாம் வரும். வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் இருக்காது. காமர்ஸ் பக்கம் போகிறவருக்கு 041-ஐ விட இதுவே உருப்படியானது என்பது என் கட்சி. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ், பி.காம் ஆனர்ஸ் படிப்புகளுக்கான சியூஇடி நுழைவுத்தேர்விலும் மேத்தமேடிக்ஸ், அப்ளைடு மேத்தமேடிக்ஸ் இரண்டும் ஒரே தாளின் இரு பிரிவுகளாக வருகின்றன.

இன்ஜினியரிங் என்றால் பேச்சே வேண்டாம், 041 வேண்டும். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் பாதி, அதாவது 100, கணக்கு ஒன்றிலிருந்தே வருகிறது. என்டிஏ எனும் தேசிய பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக நினைத்தாலும் ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் கட்டாயம். நீட்டுக்கு கணக்கு தேவையில்லை. சிஏவுக்கு ப்ளஸ் டூ கணக்கு வேண்டாம்தான், ஆனால் அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் கணக்கும் லாஜிக்கும் புள்ளியியலும் கலந்த 100 மார்க் தாள் ஒன்று காத்திருக்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஸ்டேட் போர்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் இந்தத் தலைவலி இல்லை, எல்லோருக்கும் ஒரே தாள். அவர்களுக்கு இதே கேள்வி ஓராண்டு தள்ளி, ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப், கணிதமா வணிகக் கணிதமா என்ற வடிவில் வரும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள ஒரே மனக்குறை, நேரம். பள்ளிகள் தேர்வர் பட்டியலை வாரியத்துக்கு அனுப்புவது பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். அப்போது பாதிப் பாடம்கூட முடிந்திருக்காது. பதினைந்து வயதுப் பிள்ளை, இன்னும் பார்க்காத பாடங்களை வைத்து ஒரு கதவைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று சொல்ல வேண்டும். அதனால் நான் சொல்லும் வழி இது: சிபிஎஸ்இ இரண்டு தாள்களுக்கும் மாதிரி வினாத்தாள் வெளியிடுகிறது. இரண்டையும் எடுத்து, முடித்த பாடங்களின் கேள்விகளை மட்டும் வைத்து, ஒரு சனி, ஒரு ஞாயிறு கடிகாரம் வைத்து எழுத வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு மார்க்தான் வித்தியாசம் என்றால் பேசிக் எடுத்து லாபமில்லை. இருபதுக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். எதுவும் தீர்மானமாகாத பிள்ளை என்றால் என் கை ஸ்டாண்டர்ட் பக்கம்தான் போகும்.

அக்கா மகளுக்கு வித்தியாசம் ஏழு. இன்ஜினியரிங் போகலாமா என்று அவளுக்கு ஒரு மூலையில் ஆசையும் இருக்கிறது. அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் அதே 31 மார்க்தான். ஆனால் அவள் கதை வேறு: மாதிரித் தாளில் வித்தியாசம் இருபத்திரண்டு, விட்டதில் பெரும்பகுதி சமன்பாடே அமைக்க முடியாதவை, எட்டாம் வகுப்பிலிருந்தே சைக்காலஜி படிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அவளுடைய அப்பா போனில் கேட்டபோது, “பேசிக் போடுங்க சார், அந்த நேரத்தை இங்கிலீஷுக்கும் சோஷியலுக்கும் கொடுக்கட்டும்” என்றேன். ஏன் என் அக்கா மகளுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் என்று கேட்டார். விடைத்தாளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்றேன். அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு தாளும் பள்ளிக்குப் போனது, ஒன்று 041, ஒன்று 241. இருவரும் இன்னமும் அதே பெஞ்சில்தான். இந்த வாரம் இருவருக்கும் ட்ரிக்னாமெட்ரி ஆரம்பித்திருக்கிறது.