ட்ரேட் மார்க் எடுத்துத் தருகிறோம் என்று 85,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள் – மலையகத்தில் சிறுதொழில் செய்கிறவர்கள் வாசியுங்கள்

85,000 ரூபாய். எடுத்ததுமே தொகையைச் சொல்லிவிடுகிறேன், வயிறு இன்னும் எரிகிறது. எங்கள் தேயிலைப் பக்கட்டின் பெயருக்கு ட்ரேட் மார்க் பதிந்து தருகிறோம் என்று பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு விண்ணப்பம்கூடப் போடாமல், தங்க நிறச் சீல் வைத்த ஒரு தாளை அனுப்பி ஏமாற்றிய ஒரு பதிவுச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் சட்டத்தரணி. ஆபீஸ் என்று ஓரிடம் இல்லாமல், சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு, போனிலேயே வியாபாரப் பெயர், பார்கோட், ட்ரேட் மார்க் எல்லாவற்றையும் ஒரே பெக்கேஜில் முடித்துத் தருகிறோம் என்கிற வகை ஆட்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கட்டின் பெயரையும் போடவில்லை, காரணம் கீழே வரும். ட்ரேட் மார்க் எடுப்பதென்றால் என்ன செய்யவேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஹட்டன் பக்கம். நானும் மதினியும் நல்ல டஸ்ட் தூள் வாங்கி, சுக்கும் ஏலக்காயும் அரைத்துக் கலந்து பக்கட் போடுகிறோம். கொட்டகலை, தலவாக்கலை கடைகளுக்குக் கொடுத்து, அப்புறம் நுவரெலியா ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகள் நிற்கிற சில கடைகளுக்கும் போக ஆரம்பித்தது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் லீவு முடிந்து போகும்போது பத்து பக்கட் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெரிய வியாபாரம் இல்லைதான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போது தலவாக்கலைக் கடை முதலாளி ஒரு பக்கட்டை எடுத்துக் காட்டி, "ஏன் அக்கா பச்சைய கொஞ்சம் மங்கலாக்கிட்டீங்க?" என்று கேட்டார். பார்த்தால் அது எங்களுடையது இல்லை. பெயர் கிட்டத்தட்ட அதேதான், ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கொழுந்து படமும் அதே மூலையில். பின்னால் விலாசமே இல்லை. பிரித்து மோந்து பார்த்தேன், சுக்கு வாசமே கிடையாது, வெறும் எசன்ஸ். எங்களிடம் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கிறதே, அதைக் காட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது போதாது. வியாபாரப் பெயரைப் பதிவது யார் இந்தக் கடையை நடத்துகிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிவதற்கு. பக்கட்டின் மேல் இருக்கிற பெயரை மற்றவன் போடாமல் தடுக்கிற உரிமை அதில் வராது. கம்பனியாகப் பதிந்தாலும் அப்படித்தான். அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தனியாகக் குறியை, அதாவது ட்ரேட் மார்க்கை, பதிய வேண்டும். இது எனக்கு இப்போது தெரிகிறது, நம் பக்கத்தில் கடை போட்டிருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இலக்கத்தைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் கோல் வந்தது. பேசியவன் சின்னப் பையன் மாதிரிக் குரல், நல்ல மரியாதை. முதலில் வியாபாரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்பா என்ன வேலை செய்தார் என்று விசாரித்தான். "நாங்களும் தோட்டத்துப் புள்ளைங்கதான் அக்கா, எங்க அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. நம்ம ஆளுங்க ஒரு பிராண்ட் கொண்டு வந்தா நாங்கதானே பாத்துக்கணும்? கொழும்புல போயி நீங்க சிங்களத்திலயும் இங்கிலீஷ்லயும் போர்ம் நிரப்பிக்கிட்டு நிப்பீங்களா?" என்றான். அந்த இடத்தில்தான் மனசு இளகியது. போர்ம் என்றாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு, அது எங்கிருந்து வந்தது என்று மலையகத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறான். அம்மா கொழுந்து எடுக்கிறார் என்பதாவது உண்மையா என்று இன்றைக்கும் தெரியாது.

அவன் அடுக்கிய வாக்குறுதிகள்: ரெண்டே மாதத்தில் பெயருக்குப் பக்கத்தில், பதிந்த குறி என்று காட்டுகிற வட்டத்துக்குள் ஆர் போடலாம், சாமான்களையும் சேவைகளையும் பிரித்து வைத்திருக்கிற 45 வகுப்புக்கும் சேர்த்துப் பாதுகாப்பு, லோகோ இலவசம், எந்தப் பெயராக இருந்தாலும் வாங்கித் தருவோம். 60,000 ரூபாய். வங்கியில் போய்க் கட்டினேன். கணக்கு கம்பனிப் பெயரில் இல்லை, ஒரு ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "டைரக்டரோட கணக்கு அக்கா, கம்பனிக் கணக்குக்குப் போட்டா டெக்ஸ் கூடும், உங்களுக்குத்தான் நட்டம்" என்று பதில் தயாராக இருந்தது.

சொன்னபடி தாள் வந்தது. பிடிஎஃப்பில். மேலே அரசாங்கச் சின்னம் மாதிரி ஒன்று, பக்கத்தில் தங்க நிறச் சீல், நடுவில் எங்கள் பக்கட்டின் பெயர் பெரிய எழுத்தில், ஒரு இலக்கம். மதினி அதைப் பிரேம் போட்டு சாமிப் படத்துக்குக் கீழே மாட்டினார். அந்த நம்பிக்கையில் புதிய பை அச்சடித்தோம், ஆர் போட்டு, அவன் வரைந்து கொடுத்த வாள் பிடித்த சிங்கத்தையும் போட்டு. அந்தச் சிங்கக் கதை வேறு. அது தேயிலைச் சபையின் சிலோன் டீ சிங்கம்! இலங்கையிலேயே பொதி செய்த, நூறு வீதம் இலங்கைத் தேயிலை என்று சபை பார்த்து அனுமதி கொடுத்தால்தான் போடலாம். அப்படிப்பட்டதைத் தூக்கி எங்கள் தலையில் இலவசமாகக் கட்டியிருக்கிறான்.

பை வந்து சேர்ந்த பிறகு அடுத்த கோல். யாரோ எங்கள் பெயருக்கு ஆட்சேபனை போட்டிருக்கிறார்களாம், பதில் கொடுக்க 25,000 கட்டாவிட்டால் எல்லாம் ரத்தாகிவிடுமாம். சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். மொத்தம் 85,000. போடாத விண்ணப்பத்துக்கு வந்த ஆட்சேபனைக்கு!

அதற்குப் பிறகுதான் கூத்து. ஆர் போட்டாச்சே, இனி அந்தப் போலிப் பக்கட்காரனுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள் என்று கேட்டேன். முதலில் "சேர் மீட்டிங்ல இருக்காரு மிஸ்" என்று ஒரு பெண் பிள்ளை. அக்கா மிஸ் ஆகிவிட்டேன், கவனியுங்கள். அப்புறம் கெசட் அச்சாகவில்லை. அப்புறம் போயா லீவு. சிஸ்டம் வேலை செய்யவில்லை. வட்ஸ்அப்பில் ரெண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. வேறு நம்பரில் இருந்து எடுத்தால் அதே தம்பி, "அக்கா நான் ட்ரைவிங்ல இருக்கேன், பின்னேரம் எடுக்கிறேன்" என்பான். பின்னேரம் என்று ஒன்று அவனுக்கு வரவே இல்லை.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் அந்தப் பிரேமைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் பின்னால் இருந்த அட்டையை எடுத்து, தாளை ஜன்னல் பக்கம் பிடித்து, பிரேமின் விளிம்புக்குள் மறைந்து கிடந்த கடைசி வரியைக் காட்டினார். பொடி எழுத்தில், 'பிராண்ட் பாதுகாப்புச் சேவையில் அங்கத்துவச் சான்றிதழ்' என்று ஆங்கிலத்தில். தாளில் இருந்த இலக்கத்தை, என்னுடைய வங்கி ஸ்லிப்போடு அவர்கள் அனுப்பிய ரிசீட்டில் தேடச் சொன்னார். அதே இலக்கம். அவர்களுடைய ரிசீட் நம்பரைத்தான் விண்ணப்ப இலக்கம் என்று போட்டிருந்தார்கள்.

கொழும்புக்குப் போனேன். டீ.ஆர். விஜயவர்தன மாவத்தையில், சமகம் மெதுர கட்டிடத்தில்தான் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. என் பெயரில் ஒன்றும் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தேடிப் பார்த்ததில் எங்கள் பெயரை ஒத்த ஒரு பெயருக்கு வேறு ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார், தேயிலை வருகிற அதே 30ஆம் வகுப்பில், நான் பணம் கட்டிய திகதிக்குப் பிறகு. பிறகு! 60,000 ரூபாயை வாங்கிய அன்றைக்கு அவன் ஒரு விண்ணப்பத்தைப் போட்டிருந்தால் நான் முன்னால் இருந்திருப்பேன். யார் முதலில் போட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 85,000 ரூபாயை ரெண்டு தீபாவளி சீசனில் உழைத்துவிடலாம், அந்தத் திகதியை எங்கே போய் வாங்குவது?

அவர்கள் சொன்னதில் ஒன்றாவது உண்மையா என்றால், இல்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்து, ஏற்றுக்கொண்டால் கெசட்டில் போடுவார்கள், அதற்குப் பிறகு ஆட்சேபனைக்கு மட்டுமே மூன்று மாதம் விட வேண்டும். அப்படியிருக்க ரெண்டு மாதத்தில் ஆர் எப்படி வரும்? 45 வகுப்புக்கும் சேர்த்து ஒரே பதிவு என்று ஒன்று இங்கே கிடையாது, வகுப்புக்கு ஒரு விண்ணப்பம். தேயிலை 30, நாளைக்கு ஊறுகாய் போட்டால் அது 29, தனியாகப் போட வேண்டும். எந்தப் பெயரும் கிடைக்கும் என்பதும் பொய், வெறும் ஊர்ப் பெயரும் சாமானின் பெயரும் மட்டும் சேர்ந்ததை ஒருவருக்கே எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பதிவாகாத பெயருக்கு வட்டத்துக்குள் ஆர் போடுவது குற்றம் வேறு. அந்தப் பைகள் மூட்டையாகக் கிடக்கின்றன, அது தனி நட்டம்.

திரும்பி வந்து அவனுக்குக் கோல் எடுத்துச் சத்தம் போட்டேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "நீங்க அக்ரிமென்ட வாசிக்கலையா? நாங்க குடுத்தது மெம்பர்ஷிப். ரீபண்ட் கிடையாது." அக்ரிமென்ட் என்று ஒரு தாளை நான் கண்ணால் கண்டதில்லை. அடுத்த நாள் பிளொக். மதினி தன் போனில் பார்த்தால் அதே லோகோ டிசைன், வேறு பெயரில் புதுப் பக்கம், மலையகத் தொழில்முனைவோருக்கு விசேட கழிவாம்.

முறைப்பாடு எழுதக் கொடுத்த இடத்தில் இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போக எதிராளியின் விலாசம் வேண்டும், என்னிடம் இருப்பது ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் அணைத்து வைத்த போன் நம்பரும். கடைசியில் சண்டை போட்டுத்தான் எழுதிக்கொண்டார்கள். நுகர்வோர் அதிகார சபைக்கும் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் வேறு, "தேத்தூளுக்கு எதுக்குடி ட்ரேட் மார்க்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் பெயரை இங்கே போடாததற்குக் காரணம் அந்த மற்ற விண்ணப்பம்தான். நாங்கள் முன்பிருந்தே இந்தப் பெயரில் விற்றது அவருக்குத் தெரியும், அல்லது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று காட்டினால் எதிர்க்க வழி இருக்கிறதாம், பதியாத குறிக்கும் சட்டத்தில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறது. அதனால் இப்போது என் வேலை பழைய பில் தேடுவது. தலவாக்கலைக் கடை முதலாளி தன் கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறார், புண்ணியவான். அந்த மற்ற விண்ணப்பம் கெசட்டில் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்சேபிக்க வந்த திகதியில் இருந்து மூன்று மாதம்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, அடகுக் கடைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு இதை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் இருக்கிறவர் தானே விண்ணப்பம் போடலாம், ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. வைப்பதானால் புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்த முகவரா என்று அங்கேயே கேளுங்கள். தேடிப் பார்க்காமல் பை அச்சடிக்காதீர்கள். அலுவலகம் கொடுத்த விண்ணப்ப இலக்கமும் திகதியும் கைக்கு வருகிறவரை ஒருவருக்கும் முழுப் பணம் கொடுக்க வேண்டாம், தனி ஆள் கணக்குக்கு ஒரு சதமும் போட வேண்டாம். விண்ணப்பம் யார் பெயரில் போடப்படுகிறது என்று பாருங்கள், முகவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால் அதுவும் போச்சு. பதிவு கிடைத்தால் 10 வருடம், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். குறி பதிய ஆரம்பித்த பிறகு வெளிநாட்டுப் பதிவேட்டில் சேர்க்கிறோம் என்று பில் மாதிரிக் கடிதம் வரும், உலகப் புலமைச் சொத்து அமைப்பே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது, கட்டாதீர்கள்.

அந்த 'விசேட கழிவு' விளம்பரம் உங்கள் போனுக்கு வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், கணக்கு இலக்கம் கொடுத்தால் அதையும். எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.