மூன்று வருடம், நாலு பேர், ஒரு பிறஷர் மிசின்

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிளிநொச்சியில் ஸ்கூட்டியை உருட்டி உருட்டி நாலு மணித்தியாலம் நின்ற ஒரு பகலில்தான், செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், முதல் டேட்டிங் செயலியைப் போனில் இறக்கினேன். அப்போது எனக்கு 35 வயது. விவாகரத்தாகி ஐந்து வருடம். இப்போது 38. இடைப்பட்ட மூன்று வருடத்தில் மூன்று செயலிகளைப் பாவித்து நாலு பேரை நேரில் சந்தித்தேன். என்னைப்போல் தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் வேறும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேடியது வெறும் துணையை அல்ல. டொக்டர், நோயாளி என்று வேடம் கட்டி விளையாட விருப்பமுள்ள, வளர்ந்த, பொறுப்பான ஒரு துணையை. ஒருவர் வெள்ளைக் கோட்டு, மற்றவர் கட்டில். ஸ்டெதஸ்கோப், பிறஷர் பார்க்கிற பட்டி, ‘மூச்சை இழுத்து விடுங்கோ’ என்ற ஆறுதலான குரல். அதற்குப் பிறகு என்ன என்பது இரண்டு பேரின் சொந்த விசயம், இங்கே வராது. இது நோயா என்று நானும் பயந்து தேடிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியல் 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்தது. வளர்ந்த இருவர் சம்மதத்தோடு வைத்திருக்கும் இப்படியான விருப்பங்களை அது நோயாகக் கணக்கெடுக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், தனக்கோ பிறருக்கோ துன்பம் வராதவரை வெறும் விருப்பத்தைக் கோளாறு என்று சொல்வதில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

செயலிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நகரத்துக்காகச் செய்த சாமான் அது. 160 கிலோமீற்றர் வட்டம் போட்டேன். யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், அநுராதபுரம், திருகோணமலை எல்லாம் அதற்குள் விழும். கொழும்பு விழாது. ஆனால் நேர்கோட்டில் அளப்பதால் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரமும் வேதாரண்யமும் விழும்! முதல் கிழமை எனக்குக் காட்டிய முகங்களில் பாதிப்பேர் இராமேஸ்வரத்துக்காரர். எத்தனை கிலோமீற்றர் என்று எழுதும் செயலிக்கு, நடுவில் கடலும் கடற்படையும் இருப்பது தெரியாது.

வட்டத்தைச் சுருக்கினால் அதைவிடக் கரைச்சல். இரண்டாம் நாளே எங்கள் கந்தோரில் மூன்றாவது மேசையில் இருப்பவரின் முகம், ‘2 கி.மீ. தூரத்தில்’ என்று வந்தது. கை சுட்டதுபோல் போனைக் கீழே போட்டேன். அவருக்கும் நான் தெரிந்திருப்பேன் என்பதுதான் பிரச்சினை. கிளிநொச்சியில் ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கும் எவரும் அந்நியர் அல்ல. ஒருவர் மாமியின் பக்கத்து வீடு, இன்னொருவர் அம்மாவோடு சங்கக்கடையில் நின்றவரின் மகன். ஆகவே இடத்தை மறைத்தேன், முகமில்லாத படம் வைத்தேன், போனிலிருக்கும் தொலைபேசி இலக்கங்களைப் பார்க்கும் அனுமதியை நிறுத்தினேன். தொடங்குகிறவர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே செய்துவிட வேண்டும். நான் ஒரு கிழமை பிந்திச் செய்தேன். அந்த மேசைக்காரர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனிசன்.

பொதுவான செயலியில் விருப்பத்தை வெளிப்படையாக எழுத முடியாது. எழுதினால் வரும் பதில்களில் பத்தில் ஒன்பது அசிங்கம். அதனால் ‘ஆஸ்பத்திரி நாடகங்கள் பிடிக்கும்’ என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அதைக் கண்டு சிரிக்காமல், ‘எந்தப் பாத்திரம்?’ என்று கேட்கிறவர்தான் ஆள் என்பது என் கணக்கு. ஏழு மாதம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் செயலிக்கு நான் போடுவது ஐந்துக்கு ஒன்றரைப் புள்ளி. கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பொருத்தம் பார்க்கிற இரண்டாவது வகைச் செயலி எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் இங்கே அதில் ஆட்கள் குறைவு. வேட விருப்பங்களைத் திறந்தே எழுதவிடும் மூன்றாவது வகையில்தான் எனக்குச் சரிவந்தது. அதிலும் தமிழர் என்றால் பெரும்பாலும் கொழும்பு, இல்லாவிட்டால் ரொறன்ரோ.

நாலு பேரில் முதலாமவரை நேரில் கண்டது பத்து நிமிசம். ‘நான் ஆஸ்பத்திரியில் வேலை, தேவையானதெல்லாம் கொண்டுவரலாம்’ என்றார். தேவையானது என்றால் என்ன என்று கேட்டேன். ஊசி, சேலைன், நித்திரை மருந்து என்று மெனு வாசிப்பதுபோல் சொன்னார். எழும்பி வந்துவிட்டேன். விளையாட்டுக்கு மருந்தும் ஊசியும் வரவே கூடாது. தோலைக் குத்துவதும், உடலுக்குள் எதையும் செலுத்துவதும், ஆளை மயக்குவதும் விளையாட்டு அல்ல. மயக்கத்திலிருக்கும் ஆளால் ‘நிறுத்து’ என்று சொல்லவும் முடியாது, பிறகு சம்மதம் எங்கே இருக்கிறது? தவிர, அரச ஆஸ்பத்திரிச் சாமானை இதற்காகத் தூக்கிக்கொண்டு வருகிறவர், நாளைக்கு என் படத்தையும் எங்கேயோ தூக்கிக்கொண்டு போவார்.

இரண்டாமவரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம். 44 வயது. மனைவி இறந்து பல வருடம். அமைதியான ஆள். எழுத்துப் பிழை இல்லாமல் தமிழில் செய்தி அனுப்புவார், அதிலேயே எனக்குப் பாதி மனது இளகிவிட்டது. இரண்டு மாதம் கதைத்தோம். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று எல்லாம் கேட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் சந்தித்தபோது, கை துடைக்க நான் கொண்டுபோன ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன். அவ்வளவுதான். அவருடைய முகம் வெளிறியது. மூச்சு வாங்கியது. ‘அதை மூடுங்கோ, மூடுங்கோ’ என்றார். மூடிவிட்டு யன்னலைத் திறந்தேன். வெளியில் வந்து மாமர நிழலில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

2009இல், போரின் கடைசி மாதங்களில், அவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் புதுமாத்தளனில் இருந்தவர். அங்கே பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. வகுப்பறைத் தரையில் காயக்காரர் கிடந்தார்கள். செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றும்வரை, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அதே மணத்தில் நாள்கணக்காக இருந்திருக்கிறார். அதை எனக்குச் சொல்ல அவருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. நானும் அந்தக் காலத்தில் அதே கரையில் இருந்தவள்தான், எனக்கு 22 வயது. எனக்கு அந்த மணம் ஒன்றும் செய்யவில்லை. அவருக்குச் செய்தது. இதைக் கேட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்த ஆலோசனைகளில் ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் இருக்கும். எதற்கு ஓம், எதற்கு இல்லை, எதற்குப் பார்க்கலாம் என்று குறிக்க வேண்டும். நல்ல பட்டியல்தான். ஆனால் ‘ஆஸ்பத்திரி என்றால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன?’ என்று அதில் இராது. வன்னியில் அந்தக் கேள்வி பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். இங்கே நாற்பது வயதைத் தொட்ட யாரைக் கேட்டாலும் ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருக்கும், அனேகமாக அதில் கூரை இருக்காது. உடம்பில் சன்னத்துண்டோடு இருக்கிறவர்களும் உண்டு. சும்மா தொட்டாலே நோகும் இடம் எது, மணம் எது, சத்தம் எது என்று கேட்காமல் ஒருவரைக் கட்டிலில் படுக்கச் சொல்வது அநியாயம்.

அவரும் நானும் அதற்குப் பிறகு அந்த விசயத்துக்காகச் சந்திக்கவில்லை. பெருநாள் திருநாளுக்குச் செய்தி வரும்.

உனக்கு மட்டும் ஏன் இது பிடிக்கிறது என்று கேட்பீர்கள். காரணம் தேடிக் களைத்துவிட்டேன். ஒன்று மட்டும் தெரியும். நான் கண்ட ஆஸ்பத்திரிகளில் ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை. அன்றைக்கும் இல்லை. இன்றைக்கும் விடியற்காலம் போய்த் துண்டு எடுத்து மத்தியானம்வரை வாங்கில் இருந்தால், டொக்டர் பார்ப்பது இரண்டு நிமிசம். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது, ஒருவர் அவசரமே இல்லாமல், ‘எங்கே நோகுது? இதிலே தொடலாமோ?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுத் தொடுவது. சிலருக்கு வெள்ளைக் கோட்டின் அதிகாரம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி.

மூன்றாமவர் கொழும்பிலிருந்து ஒருமுறை வந்தார், வெயிலைப் பற்றி முறைப்பட்டார், போனார்.

நாலாமவர் வவுனியாக்காரர். வயது 41. முதல் சந்திப்பை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வைத்தோம், அது என் யோசனை. ஏ9 வீதியில் போகும் வாகனமெல்லாம் அங்கே நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், ஆர் ஏன் நிற்கிறார் என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆளை நேரில் பார்க்க வன்னியில் இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியாது. பிள்ளையார் மன்னிக்கட்டும். ஒரு சுருள் கச்சானை உரித்து முடிப்பதற்குள், நான் கேட்கவிருந்த ஆஸ்பத்திரிக் கேள்வியை அவரே கேட்டுவிட்டார். ‘உங்களுக்கு ஒவ்வாத மணம், சத்தம் ஏதும் இருக்கோ?’ என்றார். பஸ் ஹோர்ன் அடித்தும் நான் ஏறவில்லை, அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. மூன்று மாதம் கதை மட்டும். என் படத்தை அனுப்பச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை, அது பெரிய விசயம். போகும் நாளில் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு சிநேகிதிக்குச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவளுக்கு முழுக் கதையும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. விடுதிகளை நான் விரும்பவில்லை. அடையாள அட்டையைக் கொப்பியில் பதியும்போதே உடம்பு கூசும். அவர் தனியாக வாடகைக்கு இருப்பது வசதியாய்ப் போயிற்று. கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்.

நிறுத்தச் சொல்லும் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். டொக்டர் விளையாட்டில் ‘ஐயோ டொக்டர், வேண்டாம்’ என்பதே வசனமாக வந்துவிடலாம். ஆகவே வசனத்தில் வரவே முடியாத ஒரு சொல் வேண்டும். எங்கள் சொல் ‘கச்சான்’. அதைச் சொன்ன கணமே டொக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. மூன்று முறை பாவித்திருக்கிறோம். இரண்டு முறை உண்மையாக, ஒருமுறை சிரிப்பை அடக்க முடியாமல்.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. ஸ்டெதஸ்கோப்பை இணையத்தில் எடுப்பித்தேன். மலிவானது, நெஞ்சுச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. 1816இல் பாரிஸ் நகரில் லெனெக் என்ற வைத்தியர் இதைக் கண்டுபிடித்ததே, ஒரு பெண்ணின் நெஞ்சில் நேரே காதை வைக்கக் கூச்சப்பட்டுக் கடதாசியைச் சுருட்டிப் பிடித்ததால்தானாம். கூச்சத்தில் பிறந்த கருவி எங்கள் கூச்சத்தையும் தீர்த்து வைத்தது. வட்டத்தகடு குளிரும், உள்ளங்கையில் கொஞ்சம் சூடாக்கிவிட்டு வைக்க வேண்டும். முழங்கால் தட்டும் சுத்தியலை மெதுவாகப் பாவித்தால் பிரச்சினையில்லை. பிறஷர் பட்டியைக் கையில் மட்டும் கட்ட வேண்டும், இறுக்கி வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்துப் பக்கம் எதையும் கொண்டுபோகவே கூடாது.

பிறஷர் மிசினை வவுனியாவில் ஒரு பாமசியில் வாங்கினேன். ‘அம்மாவுக்கோ?’ என்று கேட்டார் கடைக்காரர். ஓம் என்றேன். அவர் உடனே பெட்டியைத் திறந்து, கையை எந்த உயரத்தில் வைப்பது, அதற்கு முன் ஐந்து நிமிசம் ஆறுதலாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கருத்தாகச் சொல்லித் தந்தார். பொய் சொன்ன குற்றவுணர்ச்சியில் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கட்டிப் பார்த்தேன். மேல் எண் 168. இரண்டாம் நாளும் அப்படியே. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், இப்போது மருந்து எடுக்கிறா. அந்த மிசின் அம்மாவின் கட்டிலடியில்தான் இருக்கிறது. எங்களுக்கு வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

ஒன்றரை வருடப் பாவனையில் குறை என்று சொன்னால், இரண்டு. ஒன்று, நேரம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கிடைத்தால் பெரிய காரியம். மற்றது, ஒருமுறை எனக்கு உண்மையாகவே காய்ச்சல். அவர் அக்கறையாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது விளையாட்டா, உண்மையா என்று இரண்டு பேருக்கும் குழப்பம். வருத்தம் வந்தால் உண்மையான டொக்டர், அந்த நாளில் வேடம் இல்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

அதை எழுதி வைத்த கொப்பி ஒன்று இருக்கிறது. நாங்கள் கிளினிக் கொப்பி என்போம். அட்டையில் பெயர் இல்லை. ஒவ்வொரு முறையும் தொடங்க முதல் எதற்கு ஓம், எதற்கு இல்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்து வைப்போம், முடிந்தபின் ஒரு வரி. செயலிக் கணக்கைப் போன மாசியில் அழித்துவிட்டேன். கடைசியாக நான் எழுதிய வரி: ‘டொக்டரின் கை குளிர். அடுத்தமுறை சுடுதண்ணியில் கழுவவும்.’ அதன் கீழே அவர் எழுதியது: ‘கேத்தில் பழுது. திருத்தக் குடுத்திருக்கு.’