முட்டையாக விடுவதா, வளர்த்து விடுவதா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அருகிவிட்ட ஒரிகன் புள்ளித் தவளையை மீட்க முன்வரும் ஊர்க் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான்.

செலவு
முட்டை: குளத்துக்குள் வலைக்கூண்டு போதும்.
வளர்ப்பு: தொட்டி, தினசரி ஆள், உயிருள்ள சிள்வண்டுத் தீனி. அந்த மாநிலத்தின் சீடர் கிரீக் சிறையில் 2009 முதல் கைதிகள் இதைப் பொறுமையாகச் செய்து காட்டினார்கள்.

பிழைப்பு
முட்டை: ஆழமற்ற நீரில் கிடப்பதால் நீர்மட்டம் சற்று இறங்கினாலும் காய்ந்துவிடும், உறைபனியும் கொல்லும்.
வளர்ப்பு: அந்த ஆபத்தான மாதங்கள் தொட்டியிலேயே கழியும்.

தவறும் இடம்
வளர்ப்பில்தான் அதிகம். குழாய்நீரின் குளோரின் தலைப்பிரட்டையைக் கொல்லும். ஒருநாள் திறந்துவைத்தால் குளோரின் பறந்துவிடும். சில ஊர்க் குழாய்நீரில் கலக்கும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படிப் போகாது, அதற்குக் குளோரமின் நீக்கி மருந்து வேண்டும். முன்கால் முளைத்ததும் ஏறிக்கொள்ளச் சாய்தளம் இல்லையென்றால் குட்டி மூழ்கிச் சாகும். நெருக்கமான தொட்டியில் தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை வேகமாகப் பரவும்.

முட்டை தாராளமாகக் கிடைத்து, நீர்மட்டமும் நிலையாக இருந்தால் முட்டையே போதும். முட்டை அரிது, தினமும் ஆள் உண்டு என்றால் வளர்ப்பு. எதுவானாலும், ஆழமற்ற நீரை மூடி மண்டிய கேனரிப் புல்லை வெட்டாத குளத்திலோ, சிறு தவளைகளைத் தின்னும் காளைத்தவளை நிறைந்த குளத்திலோ விடாதீர்கள்.