கதிரியல் மருத்துவர்: கல்லூரியா, தனியார் மையமா?

ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியல் மருத்துவர் மருத்துவக் கல்லூரியில் சேர்வதா, தனியார் ஸ்கேன் மையத்தில் சேர்வதா? மேற்படிப்பை முடிக்கும் பலரையும் அலைக்கழிக்கும் கேள்வி இது.

வருமானம்
தனியார்: பார்க்கும் ஸ்கேன்கள் கூடக்கூட ஊதியமும் பெரும்பாலும் ஏறும்.
கல்லூரி: பொதுவாகக் குறைவு.

வேலை
தனியார்: அல்ட்ராசவுண்ட், மூட்டு எம்.ஆர்.ஐ., மார்பு எக்ஸ்ரே என எல்லாம் கலந்து வரும்.
கல்லூரி: நரம்பு, மார்பகம், குழந்தைகள் என ஒரு கிளைக்குள் ஆழமாகப் போகலாம். சிக்கலான நோயாளிகள் அதிகம்.

கற்பித்தல்
தனியாரில் அநேகமாக இல்லை. கல்லூரியில் மாணவரின் அறிக்கையைத் திருத்த, நாமே எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனால், "இது கட்டிதான், சீழ் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் பார்வை மழுங்காது. எனக்கு இதுவே கல்லூரியின் பெரிய ஈர்ப்பு.

ஆய்வு
கல்லூரியில் ஆய்வு நேரம் தாளில் இருக்கும். குவியும் ஸ்கேன்கள் அதைத் தின்றுவிடும். சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதுமை கல்லூரிக்கு மட்டும் சொந்தமுமல்ல: சி.டி. ஸ்கேனுக்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்த இருவரில் கார்மாக் பேராசிரியர், ஹவுன்ஸ்ஃபீல்டு நிறுவனப் பொறியாளர்.

கடன் நெருக்கினால், கூட்டங்களும் பதவி உயர்வுக் கோப்புகளும் எரிச்சலூட்டினால், தனியார். ஒரே உறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தும் சலிக்காதவருக்கு, பாடம் சொல்வதில் மகிழ்பவருக்குக் கல்லூரி.