வீட்டு மில்லிங் மெஷினுக்குச் சிஎன்சி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவையில் என் வீட்டின் பின்புற ஷெட்டில் சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் ஆர்எஃப்-45 வகை மில்லிங் மெஷின் ஒன்று நிற்கிறது. சுமார் 300 கிலோ வார்ப்பிரும்பு. மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து வாங்கி, ஆறு ஆண்டுகள் கைப்பிடி சுற்றியே வேலை செய்தேன். நேர்க்கோட்டு வேலையில் அது ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் பம்பு மாதிரிகளுக்கு வட்டக் குழிவுகளும் வளைந்த விளிம்புகளும் வேண்டியிருந்தன. இரண்டு கைப்பிடிகளை ஒரே நேரத்தில் சுற்றிச் சுத்தமான வட்டம் எடுக்க எந்தக் கைதேர்ந்த தொழிலாளியாலும் முடியாது. அதற்காகவே 2021இல் அதைச் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மோட்டார்கள் நகர்த்தும்) மெஷினாக ஆக்கினேன்.

வேலையைத் தொடங்கும் முன் பக்கத்துப் பட்டறை லேத் மாஸ்டரிடம் யோசனை கேட்டேன். "மோட்டாரும் கம்ப்யூட்டரும் அப்புறம், தம்பி. முதலில் கிப்பையும் ஸ்க்ரூவையும் பாருங்கள்" என்றார். டேபிள் ஆடாமல் சறுக்கப் பிடித்துக்கொள்ளும் ஆப்புத்தான் கிப்; டேபிளை நகர்த்துவது ஸ்க்ரூ. அவர் சொன்னதன் முழுப் பொருள் மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது.

செலவைக் குறைக்க, பழைய டிரப்பிசாய்டல் ஸ்க்ரூவிலேயே மோட்டார்களைப் பூட்டினேன். டேபிள் இடவலமாக நகரும் எக்ஸ் அச்சில் 0.4 மி.மீ. பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது ஸ்க்ரூ சுற்றியும் டேபிள் நகராத தளர்வு, இருந்தது. மென்பொருளில் ஈடுசெய்யும் வசதி உண்டே என்று நம்பினேன். திசை மாறும்போது மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றி அந்த இடைவெளியை மென்பொருள் கடந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கட்டர் சுழலும் திசையிலேயே பொருளை நகர்த்தும் கிளைம்ப் மில்லிங்கில், கட்டர்தான் டேபிளைத் தன் பக்கம் இழுக்கிறது. நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே தளர்வு இருக்கும்வரை டேபிள் அந்த அளவுக்குத் துள்ளும். மோட்டார் அசையாமல் நிற்கும்போது நிகழும் இந்தத் துள்ளலை எந்த மென்பொருளும் தடுக்க முடியாது. இரண்டு கார்பைடு எண்ட்மில்களை (கட்டர்களை) உடைத்த பிறகு, 20 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. லீடும் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) கொண்ட பால் ஸ்க்ரூக்களுக்கு, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூக்களுக்கு, மாறினேன்.

அப்போதும் வட்டம் வட்டமாக வரவில்லை. அலுமினியத்தில் 50 மி.மீ. வட்டம் வெட்டி, ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்தேன். சரியாக நான்கு இடங்களில், கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில், நகம் இலேசாகத் தட்டியது. ஓர் அச்சு நின்று திசை திரும்பும் புள்ளிகள் அவை. நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கருவியை டேபிளில் வைக்காமல் ஸ்க்ரூவின் முனையில் வைத்தபோது குற்றவாளி பிடிபட்டது: ஸ்க்ரூவே 0.06 மி.மீ. முன்னும் பின்னும் நகர்ந்தது. பால் ஸ்க்ரூவுடன் கடைக்காரர் கொடுத்த தாங்கியில் இருந்தவை சாதாரண பேரிங்குகள். ஸ்க்ரூவின் நீளவாக்கு விசையையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளை ஜோடியாக, முதுகோடு முதுகு சேர்த்து, லாக் நட்டால் இறுக்கிப் பொருத்தினேன். மறுநாள் வெட்டிய வட்டத்தில் நகம் எங்கும் நிற்கவில்லை. அந்தத் துண்டை இன்றும் மேஜையில் வைத்திருக்கிறேன்.

விற்பனைப் பக்கங்களில் 0.0025 மி.மீ. துல்லியம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ் (மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மின்துடிப்பு), 5 மி.மீ. லீடு என்று வகுத்தால் வரும் எண் அது. மோட்டாருக்கு இடக்கூடிய மிகச் சிறிய கட்டளை அவ்வளவு என்பதே அதன் பொருள். சி7 தர பால் ஸ்க்ரூவில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. எதை நம்பி வாங்குகிறோம் என்பதில் கவனம் தேவை.

பால் ஸ்க்ரூ பற்றி யாரும் எனக்கு எச்சரிக்காத ஒன்று உண்டு. பழைய ஸ்க்ரூ உராய்வாலேயே பிடித்து நிற்கும். பால் ஸ்க்ரூ நிற்காது. ஒருநாள் மாலை வேலையின் நடுவே மின்சாரம் போனது. மோட்டாரின் பிடி விட்டதும் கனமான தலைப்பகுதி தானாக இறங்கி, கட்டரை வைஸின் தாடையில் குத்தியது. கை அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதே உடல் நடுங்குகிறது. அந்த வாரமே, தலை மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டாரும், எடையைத் தாங்க இரண்டு கேஸ் ஸ்பிரிங்குகளும் போட்டேன். மின்வெட்டு உள்ள ஊரில் இவ்விரண்டும் இல்லாமல் இசட் அச்சில் பால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

கட்டுப்பாட்டுக்கு லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. முதலில் பழைய கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட்டில் ஓட்டினேன். பல்ஸ்களைக் கம்ப்யூட்டரே உருவாக்க வேண்டியிருந்ததால் வேகம் ஏறவில்லை. பல்ஸ்களைத் தானே உருவாக்கும், ஈத்தர்நெட்டில் இணையும் மேசா போர்டு வந்த பிறகு அந்தக் கவலை ஒழிந்தது. மின்னணுப் பக்கத்தில் என்னைத் திணறடித்தது ஒன்றுதான்: கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டதும், அதன் மின் இரைச்சலால், எதுவும் தொடாமலேயே அச்சின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்ச் தட்டியதாகச் சொல்லி மெஷின் நின்றுவிடும். ஷீல்டு கேபிள் இழுத்து, அதன் உறையைப் பேனல் முனையில் மட்டும் எர்த் செய்ததும் சரியானது.

மொத்தச் செலவு சுமார் 1.75 லட்சம் ரூபாய். பாதிக்கு மேல் ஸ்க்ரூ, பேரிங், தாங்கிகள் ஆகியவற்றுக்கே போனது. அது சரியான செலவு என்றே இன்றும் சொல்வேன்.

தீராத குறை ஸ்பிண்டில் வேகம். கியர் தலையின் உச்சமே நிமிடத்துக்கு 1600 சுற்றுதான். 3 மி.மீ. கட்டரை அலுமினியத்தில் ஓட்டும்போது ஆமை வேகத்தில்தான் நகர்த்த முடிகிறது. ஒற்றைத் துளை போடக்கூட நிரல் எழுத வேண்டுமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஒரு சொடுக்குக்கு 0.01 மி.மீ. நகர்த்தும் கைச்சக்கரப் பெட்டி அதைப் போக்கிவிட்டது.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மெஷினை முழுவதும் துடைத்து, 68 கிரேடு எண்ணெய் விட்டு, சந்தனம் வைப்பதற்கு முன் மூன்று அச்சுகளிலும் டயல் வைத்துப் பேக்லாஷை மி.மீ. கணக்கில் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். முதல் ஆண்டு எக்ஸ் 0.02, ஒய் 0.02, இசட் 0.03. இந்த ஆண்டு எக்ஸ் 0.02, ஒய் 0.05, இசட் 0.03. பிசிறும் கூலண்டும் விழுவது ஒய் ஸ்க்ரூவின் மேல்தான். ரப்பர் உறையில் கிழிசல் இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன். புதிய உறைக்குச் சொல்லியிருக்கிறேன். லாக் நட் தளர்ந்ததா, பால் நட் தேய்ந்ததா என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றினால் தெரியும்.